டைட்டில் நைன்: எழுதியவர் யார், காத்தவர் யார், நமக்கு என்ன பயன்?

(சென்ற இதழில் ‘டைட்டில் நைன்’ என்ற அமெரிக்கக் கல்விச் சட்டத்தைப் பற்றி ஒரு சிறு துணுக்கு வந்தது. கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் அந்தச் சட்டத்தை ‘பாட்ஸி மிங்க் எழுதினார்’ என்று அதில் குறிப்பிட்டிருந்தோம். அதைத் தொட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்குப் பதில்கள்.)

பாட்ஸி மிங்க் எழுதினார் என்கிறீர்கள். ஈடித் கிரீன் எழுதினார் என்று வேறோர் இடத்தில் படித்தேன். எது சரி?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

துணுக்கில் இருந்தது பாதி உண்மை. சட்டத்துக்கு விதை போட்டவர் ஈடித் கிரீன். ஒரேகன் மாநிலத்திலிருந்து 1955 முதல் அமெரிக்கக் கீழவையில் இருந்தவர். உயர்கல்வியைக் கவனிக்கும் துணைக்குழுவுக்குத் தலைவர். 1970 ஜூன், ஜூலை மாதங்களில் இந்த ஒரே விஷயத்துக்காக ஏழு நாள் விசாரணை நடத்தினார். மருத்துவக் கல்லூரிகளில் பெண்களுக்கு எத்தனை இடம், அதே வேலைக்குப் பேராசிரியைக்கு எவ்வளவு சம்பளம், கணவன் வேலை பார்க்கும் கல்லூரியில் மனைவிக்கு ஏன் வேலை தருவதில்லை என்று சாட்சி சாட்சியாகக் கேட்டுப் பதிவு செய்ததில், ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய இரண்டு தொகுதிகள் சேர்ந்தன. பல்கலைக்கழகங்கள் மீது அடுக்கடுக்காகப் புகார் கொடுத்துக்கொண்டிருந்த பெர்னிஸ் சாண்ட்லரையே அழைத்து, அந்தத் தொகுதிகளைச் சீர்படுத்தும் பணியை ஒப்படைத்தார். ‘இப்படி ஒரு பிரச்சினையே இல்லை’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாதபடி அடைத்துவைத்த கதவு அது.

பாட்ஸி மிங்க் ஹவாய் உறுப்பினர். கீழவைக்குத் தேர்வான முதல் வெள்ளையரல்லாத பெண். வரைவிலும் விவாதத்திலும் கிரீனோடு நின்றார். மேலவையில் கொண்டுவந்தவர் இண்டியானாவின் பர்ச் பை. மிங்க்கின் பெயர் முன்னால் வரக் காரணம் இரண்டு. சட்டத்தை வெட்டிக் குறைக்க வந்தவர்களை 1970களில் தடுத்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் அவர். 2002 செப்டம்பரில் அவர் இறந்ததும், அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டது. கிரீன் பெற்றவர், மிங்க் வளர்த்தவர் என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது.

சட்டத்தில் மொத்தமே 37 சொற்கள்தானாமே? அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், ஈரோடு

தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்: ‘ஐக்கிய அமெரிக்காவில் உள்ள எந்த நபரும், பால் அடிப்படையில், கூட்டரசின் நிதி உதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலோ செயல்பாட்டிலோ பங்கேற்பதிலிருந்து விலக்கப்படவோ, அதன் பயன்கள் மறுக்கப்படவோ, பாகுபாட்டுக்கு உள்ளாக்கப்படவோ கூடாது.’

‘நபர்’ என்கிறதே தவிர ‘குடிமகன்’ என்றோ ‘பெண்’ என்றோ சொல்லவில்லை. ஆகவே விசாவில் படிக்கும் மாணவிக்கும் பாதுகாப்பு உண்டு; சமையல் வகுப்பில் சேர விடாத பையனுக்கும் உண்டு. ‘கல்வித் திட்டம் அல்லது செயல்பாடு’ என்ற சொற்களுக்குள் விடுதி, உதவித்தொகை, தச்சுப் பட்டறை, இசைக்குழு, மைதானம் எல்லாம் அடங்கிவிட்டன. விளையாட்டு என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. சட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது என்னவோ அதுதான்!

கவனிக்க வேண்டிய மூன்றாவது சொல்தான் சாவி: ‘நிதி உதவி’. அரசுப் பணம் வாங்கினால் இந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டும். இன வேறுபாட்டுக்கு எதிரான 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவில் இருந்த அதே வாக்கிய அமைப்பு இது. அந்தப் பிரிவிலேயே ‘பால்’ என்ற சொல்லைச் செருகிவிடலாம் என்பதுதான் கிரீனின் முதல் திட்டம். ஆனால் பள்ளிப் பேருந்தில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளைக் கலந்து அனுப்புவது பற்றிப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆறாம் பிரிவைத் திறந்தால் அதைப் பலவீனப்படுத்தும் திருத்தங்களும் உள்ளே நுழைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. அதனால் 1972ஆம் ஆண்டுக் கல்வித் திருத்தச் சட்டத்தில் தனிப் பிரிவாக, ஒன்பதாவதாக எழுதினார்கள். டைட்டில் நைன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

விதிவிலக்குகளும் உண்டு. தனியார் கல்லூரிகளின் இளநிலைச் சேர்க்கை, ராணுவப் பயிற்சிக் கல்லூரிகள், மதக் கொள்கையோடு மோதும் இடத்தில் மத நிறுவனங்கள், பிற்பாடு சேர்க்கப்பட்ட மாணவர் சகோதரக் கழகங்கள் ஆகியவை. முதலாவது விலக்கு சும்மா வந்ததல்ல. இளநிலைச் சேர்க்கை முழுவதையும் வெளியே தள்ளும் திருத்தம் 1971 நவம்பரில் கீழவையில் 194க்கு 189 என்று நிறைவேறியது. இரு அவைகளும் பேசித் தீர்த்தபோது அரசுக் கல்லூரிகளை மீட்டார்கள்; தனியார் கல்லூரிகள் தப்பித்துக்கொண்டன.

435 பேர் இருக்கும் அவையில் அப்போது பெண்கள் எத்தனை பேர்? ஆண்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள்?
– கல்லூரி மாணவி, திருச்சி

சட்டம் வந்த 1972இல் கீழவையில் 13 பெண்கள். மேலவையின் நூறு பேரில் ஒரே ஒருவர், மார்கரெட் சேஸ் ஸ்மித். ஒப்புக்கொண்டார்கள் என்பதைவிடக் கவனிக்கவில்லை என்பது பொருத்தம். எல்லார் கண்ணும் பேருந்துச் சண்டை மேல் இருந்தது. ஆதரவு திரட்ட வந்த பெண்கள் அமைப்புகளிடம் கிரீன், தயவுசெய்து ஆதரவு திரட்டாதீர்கள் என்றுதான் சொன்னார். சத்தம் போட்டால் மற்றவர்கள் எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற கணக்கு. 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்டபோது வெளியிட்ட அறிக்கையிலும் பேருந்துப் பேச்சுதான்.

கிரீனைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 1964இல் வேலைவாய்ப்புப் பாகுபாட்டுத் தடையில் ‘பால்’ என்ற சொல்லைச் சேர்க்கும் திருத்தம் வந்தபோது அதை எதிர்த்துப் பேசிய பெண் உறுப்பினர் அவர். கறுப்பின மக்களுக்கான மசோதா கவிழ்ந்துவிடக் கூடாது என்பது அவர் வாதம். எந்த நேரத்தில் எதைத் திறப்பது என்ற அவருடைய கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மிங்க் மருத்துவம் படிக்க முயன்றவர் என்பது உண்மையா?
– வாசகி, பாளையங்கோட்டை

உண்மை. 1948இல் பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் எடுக்கவில்லை. பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1951இல் பட்டம் பெற்றார். ஹவாய் அப்போது மாநிலமாகவில்லை. வெளிநாட்டு மாணவி என்று நினைத்து இடம் கொடுத்தார்களாம்! 1972இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 9 சதவீதம், சட்டப் பட்டத்தில் 7 சதவீதம். 1994இல் அது 38, 43 என்று ஏறியிருந்தது.

சட்டம் நிறைவேறியதோடு வேலை முடிந்துவிட்டதா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

உண்மையான வேலை அதன் பிறகுதான். 37 சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியும் எதையும் செய்ய முடியாது, விதிமுறை வேண்டும். அதை எழுதவே அன்றைய சுகாதார, கல்வி, நலத்துறைக்கு மூன்று ஆண்டு பிடித்தது. வரைவைப் பற்றிப் பத்தாயிரத்தை நெருங்கிய கருத்துரைகள் குவிந்தன. 1975 ஜூலை 21 அன்று விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அதற்குள் ‘அமெரிக்கக் கால்பந்து’ ஆட்டக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1974 மே மாதம் டெக்சாஸ் மேலவை உறுப்பினர் ஜான் டவர், வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்கு கேட்டார், மேலவையும் தந்துவிட்டது. இரு அவைப் பேச்சில் அது வெட்டப்பட்டு, ஒவ்வொரு விளையாட்டின் தன்மையையும் கருதி நியாயமான விதிகள் செய்யலாம் என்ற மென்மையான வாசகம் இடம் பிடித்தது. தலைக்கவசமும் தோள் கவசமும் வேண்டிய விளையாட்டுக்குச் செலவு கூடுதல் ஆவதில் தவறில்லை என்று இதற்குப் பொருள். அந்த விளையாட்டைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட முடியாது.

1975 ஜூலை 16 அன்று நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கல்விக்கான நிதி ஒதுக்கீட்டு மசோதாவில், உடற்கல்வி வகுப்பு போன்றவற்றில் இந்தச் சட்டத்தை அமல்படுத்தப் பணம் செலவிடக் கூடாது என்று ஒரு திருத்தம். சட்டத்தைத் தொடவே இல்லை. அமல்படுத்தும் கையைக் கட்டிவிடுவதுதான் உத்தி. எதிர்ப்பை முன்னின்று நடத்திக்கொண்டிருந்தவர் மிங்க். வாக்கெடுப்பு நெருங்கும் நேரம் அவருடைய மகள் நியூயார்க் மாநிலத்தில் கார் விபத்தில் பலத்த காயமடைந்த செய்தி வர, அவைவிட்டு ஓடினார். முடிவு 212க்கு 211. ஒரே வாக்கில் போயிற்று. மேலவை அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. விஷயம் திரும்பி வந்தபோது, மிங்க் ஏன் வெளியேறினார் என்பதை அவைத் தலைவர் கார்ல் ஆல்பர்ட் உறுப்பினர்களுக்கு விளக்கினார். அதே வாரத்தில் மறு வாக்கெடுப்பு: 215க்கு 178. சட்டம் தப்பியது.

அடுத்த அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. கிரோவ் சிட்டி என்ற தனியார் கல்லூரி நேரடியாக அரசுப் பணம் வாங்குவதில்லை. அதன் மாணவர்கள் அரசு உதவித்தொகை வாங்கினார்கள். 1984இல் உச்ச நீதிமன்றம், உதவித்தொகையைக் கையாளும் அலுவலகம் மட்டும்தான் சட்டத்துக்குள் வரும் என்றது. ஒரே தீர்ப்பில் மைதானமும் ஆய்வகமும் விடுதியும் வெளியே போயின. இதைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்கு நான்கு ஆண்டு ஆனது. ‘ஒரு பகுதி பணம் வாங்கினாலும் நிறுவனம் முழுதும் கட்டுப்படும்’ என்ற 1988ஆம் ஆண்டுச் சட்டத்தை அதிபர் ரீகன் நிராகரிக்க, மார்ச் 22 அன்று இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதை மீறி நிறைவேற்றின.

நியூ ஜெர்சியில் அரசு உயர்நிலைப் பள்ளியில் மகள் படிக்கிறாள். பையன்களின் பேஸ்பால் மைதானத்துக்கு விளக்கும் வீரர் கொட்டகையும் உண்டு. பெண்களின் சாஃப்ட்பால் அணி பூங்காவுக்குப் போய்ப் பயிற்சி செய்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, எடிசன்

முதலில் பள்ளி மாவட்டத்தின் ‘டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளர்’ யார் என்று பாருங்கள். ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிடுவது கட்டாயம். பல மாவட்டங்களில் வேறு மூன்று பொறுப்புகளோடு இதையும் ஒருவர் தலையில் கட்டியிருப்பார்கள், அவருக்கே நினைவிருக்காது. மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் பேசினால் அன்றே அதைச் சுருக்கி ஓர் அஞ்சல் அனுப்பிவையுங்கள்.

புகார்கள் தோற்பது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: ஒரு மைதானத்தை மட்டும் இன்னொரு மைதானத்தோடு ஒப்பிடுவது. விசாரிப்பவர்கள் பெண்கள் விளையாட்டு முழுவதையும் ஆண்கள் விளையாட்டு முழுவதோடு வைத்துப் பார்ப்பார்கள். பெண்கள் கூடைப்பந்துக்கு நல்ல அரங்கம் கொடுத்திருக்கிறோம், ஈடாகிவிட்டது என்று பள்ளி சொல்லும். ஆகவே பட்டியல் போடுங்கள்: சீருடை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, பயிற்சி நேரம் யாருக்கு மாலை நான்கு மணி, யாருக்கு இரவு எட்டு மணி, வெளியூர்ப் பயணத்துக்குப் பேருந்தா பெற்றோர் காரா, பயிற்சியாளர் எத்தனை பேர், சம்பளம் என்ன, உடை மாற்றும் அறை எங்கே, முதலுதவியாளர் எந்த ஆட்டத்துக்கு வருகிறார். படம் எடுத்தால் தேதி தெரியட்டும். செலவுக் கணக்கைப் பொது ஆவணச் சட்டத்தின்படி கேளுங்கள். நியூ ஜெர்சியில் பொதுவாக 7 வேலை நாளில் பதில் தர வேண்டும்.

‘விளக்கு போட்டது பெற்றோர் சங்கம், எங்கள் பணம் இல்லை’ என்ற பதில் கட்டாயம் வரும். அது செல்லாது. நன்கொடையை வாங்கிப் பயன்படுத்துவது பள்ளி. அதனால் ஏற்படும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வேண்டியதும் பள்ளிதான்.

பள்ளி அசையாவிட்டால் கூட்டரசுக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பள்ளிக்குள்ளேயே முறையீடு நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து 60 நாளுக்குள். அலுவலகம் அனுப்பும் ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்திட்டுக் குறித்த நாளுக்குள் திருப்பாமல் விட்டால் புகாரை மூடிவிடுவார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வழக்குகள் பெரும்பாலும் பள்ளியோடு எழுத்து ஒப்பந்தத்தில் முடியும். 2025 மார்ச்சில் அந்த அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7 மூடப்பட்டன. சீக்கிரம் முடியும் என்று எண்ண வேண்டாம். அதற்கிடையே புகார் கொடுத்ததற்காக மகளை ஆடவிடாமல் உட்காரவைத்தால் அது தனிக் குற்றம், தனிப் புகார்.

கல்லூரி விளையாட்டில் ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்க வேண்டுமா? இது ஒதுக்கீடுதானே?
– உடற்கல்வி ஆசிரியர், கோவை

சரிபாதி தேவையில்லை. 1979ஆம் ஆண்டு விளக்கக் குறிப்பின்படி மூன்று வழிகளில் ஒன்றைக் காட்டினால் போதும். வீரர்களின் விகிதம் மாணவர் விகிதத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போவது ஒன்று. குறைவாக உள்ள தரப்புக்குத் தொடர்ந்து அணிகளைக் கூட்டிவருவது இன்னொன்று. அவர்களின் ஆர்வமும் திறமையும் முழுதாக நிறைவேறிவிட்டது என்பது மூன்றாவது.

முதல் வழியில் கணக்குத் தப்பு நிறைய நடக்கும். ஒரு கல்லூரியில் மாணவர்களில் 55 சதவீதம் பெண்கள் என்று வையுங்கள். வீரர்கள் 400: ஆண் 220, பெண் 180. ‘400இல் 55 சதவீதம் 220, ஆக 40 பேர் குறைவு’ என்று போடுவார்கள். ஆண்களில் 40 பேரை நீக்கினால்தான் அந்தக் கணக்கு சரி. ஆண்களைக் குறைக்காமல் விட்டால், பெண்கள் கூடக் கூட மொத்தமும் கூடும். 220ஐ 45ஆல் வகுத்து 55ஆல் பெருக்குங்கள், 269 வரும். குறைவு 89. இரண்டு மூன்று புதிய அணிகளுக்கான ஆட்கள்!

அங்கேதான் தில்லுமுல்லு தொடங்கும். படகோட்டும் அணியில் தேவைக்கு மேல் பெயர்களை எழுதிக்கொள்வார்கள். ஒரே ஓட்டக்காரி இலையுதிர் கால நெடுந்தொலைவு ஓட்டம், உள்ளரங்கத் தடகளம், வெளியரங்கத் தடகளம் என மூன்று முறை எண்ணப்படுவாள். ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், பெண்கள் அணியோடு பயிற்சிக்கு ஆடும் ஆண்களும் அந்த அணியின் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவார்கள். ஒரு கல்லூரியின் எண்ணைப் பார்த்ததும் நம்பாமல், உண்மையில் ஆட்டத்தில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று தேடுங்கள். அந்த அறிக்கையைக் கட்டாயமாக்கிய 1994ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு பெண் உறுப்பினர் கொண்டுவந்ததுதான்: இல்லினாயின் கார்டிஸ் காலின்ஸ்.

பள்ளி அளவில் பலன் கண்கூடு. 1971–72இல் உயர்நிலைப் பள்ளி அணிகளில் 2.94 லட்சம் பெண்கள்; 2018–19இல் 34 லட்சம்.

டெக்சாஸில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கருவுற்றிருக்கிறேன். ஒரு பருவம் விலகிவிட்டுப் பிறகு மறுபடி விண்ணப்பி என்கிறார் வழிகாட்டி. அப்படிச் செய்ய வேண்டுமா?
– பெயர் வேண்டாம்

வேண்டாம். விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கர்ப்பம், பேறுகாலம், அதிலிருந்து உடல் தேறும் காலம் ஆகியவற்றுக்காக மருத்துவர் தேவை என்று சொல்லும்வரை விடுப்புத் தர வேண்டும். விடுப்பு தொடங்கியபோது எந்த நிலையில் இருந்தீர்களோ அதே நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி விண்ணப்பிக்கும் பேச்சுக்கே இடமில்லை. 1975 முதல் இருக்கும் விதி இது. வேறு உடல்நலக் காரணத்துக்கு மருத்துவச் சான்று கேட்காத துறை உங்களிடம் மட்டும் கேட்கக் கூடாது. தனி ஏற்பாடு ஏதாவது சொன்னால் அது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது.

துறையில் வாயால் பேசுவதை நிறுத்தி, டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். ஆய்வகத்தில் எந்த ரசாயனத்தைத் தொடக் கூடாது, எந்தத் தேர்வைத் தள்ளிவைக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆய்வு உதவியாளராகச் சம்பளம் வாங்கினால் 2023இல் நடைமுறைக்கு வந்த கர்ப்பிணித் தொழிலாளர் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். ஒரு முக்கிய எச்சரிக்கை: எஃப்-1 என்ற மாணவர் விசா தனி விவகாரம். பாடச் சுமையைக் குறைக்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி கையில் இருக்க வேண்டும். டைட்டில் நைன் உங்கள் இடத்தைக் காக்கும், விசாவைக் காக்காது.

நம் நாட்டில் இதற்கு ஈடான சட்டம் உண்டா?
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

அரசியலமைப்பின் 15(1) பால் அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. டைட்டில் நைனைப் போல நிதி உதவியோடு முடிச்சுப்போட்ட பிரிவு 29(2). அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி காரணமாகக் குடிமகன் எவருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. பட்டியலை மறுபடி படியுங்கள்: ‘பால்’ இல்லை. இது வெறும் ஏட்டுச் சங்கதியாக நிற்கவில்லை. உரிய அனுமதி இல்லாமல் மாணவிகளைச் சேர்க்கக் கூடாது என்று சென்னைப் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளுக்கு உத்தரவிட்டிருந்த காலத்தில், இடம் மறுக்கப்பட்ட மாணவி வழக்குப் போட்டார். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றது பல்கலைக்கழகம். அந்த வாதத்தில் இந்த விடுபட்ட சொல்லுக்கும் பங்குண்டு.

இன்று பணத்தோடு முடிச்சுப்போட்ட விதி ஒன்று, குறுகிய எல்லைக்குள் இருக்கிறது. பாலியல் தொல்லை தொடர்பான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள். கல்லூரியில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம்; மாணவி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம்; விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழு அமைக்காத, விதியை மீறும் நிறுவனத்துக்கு மானியத்தை நிறுத்திவைக்கலாம். எனவே கல்லூரி முதல்வருக்கு எழுதும் கடிதத்தில், குழு உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்கும் வரிக்குப் பக்கத்தில் இந்த விதியின் ஆண்டையும் குறிப்பிடுங்கள்.